யாம் கற்பித்த ஒல்லாந்தர் பாடம்

நமது கல்லூரியின் ஜூபிலி மலருக்கு யாதேனும் எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்து அன்பர் இருவர் பொரளையில் உள்ள எம் இல்லத்துக்கு வந்து கேட்டனர். கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் எழுத எம்மினும் தக்கார் பலர் உளர். கிரிக்கெட் வெற்றிகளையும் நாடக விழாக்களையும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வல்லாரும் உளர். சரித்திர ஆசிரியராய் முப்பதாண்டுக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்த எம்மிடம் எஞ்சியிருப்பவை பாடங்களே. அவற்றுள் ஒன்றை யாம் முதலிற் பிழையாகக் கற்பித்தோம். பின்னர்த் திருத்திக் கற்பித்தோம். அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம். அக்காலத்து மாணவருள் இதனை வாசிப்போர் எம் பிழையை நினைவு கூர்வாராயின், அதனை ஒப்புக்கொண்டமையையும் நினைவு கூர்வாராக.

எழுபதுகளின் இறுதியில் உயர்தர வகுப்பிற்கு ஒல்லாந்தர் காலத்தை யாம் கற்பித்து வந்தோம். அந்நாளிலும் எமக்குப் பொரளையே இருப்பிடம். காலையிற் கனத்தை மயானத்தின் மதிலோரமாய் நடந்து சென்று பஸ் ஏறுவது வழக்கம். சில நாள் உள்ளே புகுந்து கல்லறை எழுத்துக்களை வாசிப்போம். அந்த மயானம் ஆங்கிலேயர் காலத்தது. ஆயினும் ‘வான்’ என்று தொடங்கும் பறங்கியர் பெயர்கள் அங்கே நிரை நிரையாகக் கிடக்கும். ஒல்லாந்தக் கொம்பனியின் கப்பலிலே வந்தவரின் பேரரும் பேரரின் பேரரும் அவர்கள். 1956 ஆம் ஆண்டில் அரசகரும மொழிச் சட்டம் வந்த பின்னர் அக்குடும்பங்களுட் பல அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. இறந்தோர் இங்கிருக்க, இருந்தோர் கடல் கடந்தனர். எம் பாடத்திற்கு முன்னுரை போன்று அம்மயானம் எமக்குத் தோன்றும்.

வகுப்பிலே யாம் பாடத்தைச் சொற்களிலிருந்து தொடங்குவோம். “உங்கள் வீட்டு மேசையில் லாச்சி உண்டா?” என்று கேட்போம். “உண்டு” என்பர். “தந்தையார் எங்கே போகின்றார்?” “கந்தோருக்கு.” “காணி உறுதி எழுதுபவர் யார்?” “நொத்தாரிசு.” “வழக்குப் பேசுபவர்?” “அப்புக்காத்து.” “கையில் துட்டு உண்டா?” என்று கேட்டதும் வகுப்புச் சிரிக்கும். ஈற்றிற் கக்கூசு என்னும் சொல்லும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றதே என்போம். அப்பொழுது சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும். அதன்பின், நியூயோர்க் நகரத்து வீடுகளின் வாயிற்படியை அந்நகரத்தார் ‘ஸ்தூப்’ என்பர், நம் சிங்கள அயலவர் வீட்டு முன் விறாந்தையை ‘இஸ்தோப்புவ’ என்பர், இரண்டும் ஒரே ஒல்லாந்தச் சொல்லின் பிள்ளைகள் என்று சொல்வோம். வகுப்பு அமைதியாகும். கொழும்புக்கும் நியூயோர்க்குக்கும் ஒரே வீட்டுப் படி எங்ஙனம் வந்தது? அந்த வினாவே எம் பாடம்.

அமெரிக்கக் கதை பாடத்திட்டம் கேட்டதன்று. யாமே சேர்த்துக்கொண்டோம். தம் ஊரை மட்டும் கற்பவன் தம் ஊரையும் அறியான் என்பது எம் எண்ணம். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி 1602 ஆம் ஆண்டு தோன்றியது. 1609 இல் அக்கொம்பனி ஹென்றி ஹட்சன் என்னும் ஆங்கில மாலுமியைக் கூலிக்கமர்த்தி, ‘அரைமதி’ எனப் பொருள்படும் பெயருடைய கப்பல் ஒன்றைக் கொடுத்து, ஆசியாவுக்குக் குறுக்கு வழி காணுமாறு அனுப்பியது. வடகடற் பனி வழி மறிக்கவே அவர் மேற்கே திரும்பி, இன்று தம் பெயர் தாங்கும் ஆற்றினுட் புகுந்தார். நம் திசைச் சரக்கை நாடிப் புறப்பட்ட கப்பல் அங்கே போய் ஒரு நகரத்துக்கு வித்திட்டது. 1621 இல் மேற்கிந்தியக் கொம்பனி என வேறொன்று அமைந்தது. அதன் குடிகள் 1624 முதல் அங்கே குடியேறினர். மன்ஹற்றன் தீவின் தென்முனையிற் கோட்டை கட்டி, நியூ ஆம்ஸ்டர்டாம் என்று பெயரிட்டனர். 1653 இல் நகரத்தின் வடபால் ஓர் அரணெழுப்பினர். மதில் வீதி எனப் பொருள்பட இன்று உலகமெல்லாம் அறிந்த வோல் ஸ்ட்ரீட் அவ்வரண் நின்ற இடமே. 1664 இல் ஆங்கிலேயர் கப்பல்கள் வந்து நிற்க, ஒரு வெடியுமின்றி நகரம் கைமாறி நியூயோர்க் ஆயிற்று. ஒல்லாந்தர் ஆட்சி அங்கே நாற்பதாண்டே.

இங்கோ நூற்று நாற்பதாண்டு. 1638 இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்துதற்கு ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். ஏழு மாதம் வரை நீடித்த முற்றுகையின் பின்னர் 1656 மே 12 ஆம் நாள் கொழும்பு விழுந்தது. அரசனுக்கு நகரம் கிட்டவில்லை, ஒல்லாந்தரே வைத்துக்கொண்டனர். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்கள மக்கள் சொல்லும் பழமொழி அதனைக் குறித்ததே. முற்றுகையில் இறந்த தளபதி ஹுல்ப்ற் என்பவரின் பெயரை ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என வழங்கும் இடம் தாங்கி நிற்கின்றது. நாம் அதனைப் புதுக்கடை என்போம். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையும் அவர்கள் வசமாயிற்று. அங்கே நம் சைவ முன்னோர் வெளிப்படையாய் வழிபடவும் இயலாது, உத்தியோகம் வேண்டின் ஞானஸ்நானம் பெற வேண்டியும் இருந்த காலம் அது. 1657 இல் நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு அணித்தான பிளஷிங் என்னும் ஊரார், குவேக்கர் என்னும் பிரிவாரை ஒறுத்தல் ஆகாது என்று தேசாதிபதி ஸ்ரைவசன்ருக்கு முறைப்பாடு எழுதினர், எழுதியோர் ஒறுக்கப்பட்டனர். கடல் இரண்டாயினும் கொம்பனியின் மனம் ஒன்றே என்று யாம் சொல்ல, மாணவர் குறித்துக்கொள்வர்.

இவ்வளவும் யாம் பெருமையோடு கற்பித்த பகுதி. இனிப் பிழைக்கு வருகின்றோம்.

தேசவழமை என்னும் சட்டத்தைக் கற்பிக்கும் நாள் எமக்கு உவப்பான நாள். தேசாதிபதி கோர்னேலிஸ் ஜோன் சைமன்ஸ் 1706 இற் பணித்தபடி, யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் நம் மக்களின் வழக்கங்களைத் திரட்டி 1707 இல் எழுதிக் கொடுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு முதலிமார் பன்னிருவர் பார்வைக்கு வைக்கப்பட, அவர்கள் ஒப்பினர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் ஒழுங்குவிதியால் அதனை நிலைநாட்டினர். சீதனம், முதுசொம், தேடிய தேட்டம் ஆகிய சொற்களோடு அச்சட்டத்தின் வழி வந்த விதிகள் இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் காணி வழக்குகளில் ஆளுகின்றன. அந்நியன் எழுதி வைத்தமையால் நம் வழமை அழியாது நின்றது என்று யாம் சொல்வது வழக்கம்.

அதற்குச் சான்றாக வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவருவோம். எம் முன்னோருள் ஒரு பெண்ணுக்கு ஒல்லாந்தர் ஆட்சியின் கடைக்காலத்தில் எழுதப்பட்ட சீதன ஓலை அது. எம் தந்தையார் அதனை மஞ்சட் பட்டிலே சுற்றி எம்மிடம் தந்திருந்தார். பழைய எழுத்தை மாணவர் வாசிக்க இயலாதாதலின், வாசகத்தை யாமே கரும்பலகையில் எழுதுவோம். வயல் இத்தனை பரப்பு, பனங்காணி இத்தனை, கிணற்றிற் பங்கு, பொன்னாபரணம், வெண்கலப் பாத்திரம் முதலியன.

அவ்வாண்டு வகுப்பிலே பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அமைதியானவன், வினவும் வழக்கமில்லாதவன். அவன் பெயரை ஈண்டு எழுதோம்.

“சேர், ஓலையிலும் ‘முதலியன’ என்றுதான் எழுதியிருக்கிறதா?”

எமக்குத் தொண்டை வறண்டது. ஓலையில் அச்சொல் இல்லை. வெண்கலப் பாத்திரத்தின் பின்னர் இரண்டு வரி உண்டு. ஒரு பெண்ணும் அவள் பிள்ளைகள் இருவரும் அடிமையாய் அப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டனர் என்பது அவ்வரிகளின் பொருள். அப்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் உண்டு. யாம் ஆண்டுதோறும் அவ்விரு வரியையும் ஒரு சொல்லால் மூடி வந்தோம். தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு என்பதும், நான்கு சாதியாரை அது அடிமைகள் என்று கூறுகின்றது என்பதும் எமக்குத் தெரியாதன அல்ல. அவற்றையும் யாம் கற்பித்ததில்லை.

“முழுவதும் எழுத நேரம் போதாது, தம்பி. பரீட்சைக்கும் அது வேண்டியதில்லை” என்றோம்.

“சரி, சேர்” என்று அவன் இருந்துவிட்டான். வகுப்பு மேலே நடந்தது.

அன்றிரவு உணவு இறங்கவில்லை. எம் மனைவியார் காரணம் கேட்க, நடந்ததைச் சொன்னோம். அவர் சட்டியைக் கழுவிக்கொண்டே, “பிள்ளை ஓலையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். நீங்கள் நேரம் போதாது என்றிருக்கிறீர்கள். நாளைக்கும் நேரம் போதாதோ?” என்றார். யாம் மறுமொழி சொல்லவில்லை.

அவ்வாரத்துச் சனிக்கிழமை வகுப்பு மாணவரைப் புறக்கோட்டைக்கு அழைத்துச் செல்வதாய் முன்னரே ஏற்பாடாகியிருந்தது. பிரதான வீதியில், முதலை எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லாற் பெயர்பெற்ற கேமன்ஸ் கேற் என்னும் பழைய வாயிலின் மணியைப் பார்த்தோம். கொட்டாஞ்சேனைப் பக்கமாய் ஏறி வுல்வெண்டால் தேவாலயத்துக்குப் போனோம். 1749 இல் தொடங்கி 1757 இல் நிறைவெய்திய ஆலயம் அது, மதில்கள் பெருந்தடிப்பானவை, வெளியே புறக்கோட்டை வெயிலும் வண்டிச் சத்தமும் இருக்க, உள்ளே குளிர்ந்திருந்தது. நிலத்திலே கல்லறைக் கற்கள் பதித்திருந்தன. அவற்றுட் பல 1813 இற் கோட்டைக்குள் இருந்த பழைய இடத்திலிருந்து எடுத்து வரப்பட்டவை. தேசாதிபதிகளின் பெயரும், குலச்சின்னமும், பிறந்த ஊரும், இறந்த நாளும், மணி நேரமுமாக ஆழமாய் வெட்டியிருந்தன. மாணவர் குனிந்து விரலால் எழுத்துக்களைத் தொட்டனர். நன்றாக எழுதி வைத்திருக்கின்றார்கள் என்று ஒருவன் வியந்தான்.

அங்கிருந்து பஸ்ஸிற் கொம்பனித்தெருவுக்கு வந்து பேரை வாவிக்கரையில் நின்றோம். அந்நாளில் ஆங்கிலத்தில் அவ்விடத்துக்கு அடிமைத் தீவு என்றே பெயர். பகலிற் கோட்டையிலும் துரைமார் வீடுகளிலும் வேலை செய்த அடிமைகளை இரவிலே அங்கே கொண்டு வந்து அடைத்தனர் என்றும், வாவியில் இருந்த முதலைகளுக்கு அஞ்சி அவர்கள் தப்பி ஓடாதிருந்தனர் என்றும் வழிவழிச் செய்தி உண்டு. கொம்பனி கொணர்ந்த அடிமைகள் ஆபிரிக்காவிலிருந்தும் ஜாவா முதலாய தீவுகளிலிருந்தும்—

இவ்வாறு சொல்லி வந்த யாம் அங்கே நின்றுவிட்டோம். ‘முதலாய’ என்று மீண்டும் சொல்லிவிட்டோம். அச்சொல்லுக்குள் யார் இருந்தனர் என்பது எமக்குத் தெரியும். தஞ்சைச் சீமையில் 1659 ஆம் ஆண்டை அடுத்துப் போரும் பஞ்சமும் சூழ்ந்த காலத்திற் பசியால் விலைப்பட்ட ஆயிரக்கணக்கான மக்களைக் கொம்பனியார் நாகபட்டினத்துக் கரையில் வாங்கிக் கப்பலேற்றினர். இலங்கைக்கு வந்தோர் அவருட் பலர். வயலில் உழவும் கோட்டைக்கு மண் சுமக்கவும் அவர்கள் வேண்டப்பட்டனர். அவர்கள் பேசிய மொழி நாம் பேசும் மொழி. அந்த வாவிக்கரையில் தமிழில் அழுத குரல்கள் இருந்திருக்க வேண்டும்.

நின்றவிடத்திலேயே அதனை மாணவருக்குச் சொன்னோம். ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அவர்களுக்குக் கல் எங்கே இருக்கிறது, சேர்?” என்று கேட்டான். இல்லை என்றோம். பின்வாங்கு மாணவன் எம்மைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் எமக்கு எளிதாய் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மஞ்சட் பட்டை அவிழ்த்து ஓலையை மேசையில் வைத்தோம். சென்ற வாரம் கரும்பலகையில் யாம் எழுதியது முழுமையன்று என்றும், நேரம் போதாது என்றது உண்மையன்று என்றும், வெட்கத்தினால் மறைத்தோம் என்றும் சொன்னோம். பின்னர் ஓலையைத் தலையிலிருந்து கடைவரை வாசித்துக் கரும்பலகையில் எழுதினோம். அப்பெண்ணின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதினோம். அப்பெயர்கள் எம் ஊரில் இன்றும் வழங்குவன. ஆதலின் மலரில் அச்சேற்றுதல் தகாது என விடுத்தோம். அடிமை முறை இந்நாட்டில் 1844 இற் சட்டத்தால் ஒழிந்தது என்றும், அவர்களின் வழிவந்தாரைக் கிணற்றிலும் கோயில் வாயிலிலும் பள்ளி வாங்கிலும் விலக்கி வைத்த வழக்கம் அச்சட்டத்தோடு ஒழியவில்லை என்றும் சொன்னோம். இதனைச் செய்தோர் ஒல்லாந்தர் மாத்திரம் அல்லர். ஒல்லாந்தர் எழுதினர், ஒப்பியோர் நம்மவர், அனுபவித்தோருள் எம் குடும்பமும் ஒன்று.

வகுப்பிலே ஒருவரும் பேசவில்லை. மணி அடித்த பின்னர் அம்மாணவன் மேசையருகே வந்து ஓலையைப் பார்த்து நின்றான். தொடலாமா என்று கேட்டான். தொடச் சொன்னோம். ஓரத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, “எங்கள் வீட்டில் இப்படி ஓலை ஒன்றும் இல்லை, சேர்” என்றான்.

அதற்கு யாம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை இற்றைவரை அறிந்திலோம். அவன் முறைப்பாடாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். கொடுத்தவர் வீட்டில் ஓலை இருக்கும். கொடுக்கப்பட்டவர் வீட்டில் எவ்வாறு இருக்கும்?

அந்நாள் முதல் எம் பாடக்குறிப்புகளில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ‘முதலியன’ என்னும் சொல்லை எழுதுமுன் அதனுள் அடங்குவன யாவை என்று ஒரு தனித்தாளில் எழுதிப் பார்ப்போம். அவ்விதியைக் கொண்டு அமெரிக்கப் பாடத்தையும் மீளப் பார்த்தோம். மன்ஹற்றன் தீவு அறுபது கில்டர் பெறுமதிக்கு வாங்கப்பட்டது என்று ஆண்டுதோறும் வேடிக்கையாய்ச் சொல்லி மாணவரைச் சிரிக்கச் செய்வோம். அச்செய்திக்கு ஆதாரம் 1626 நவம்பரில் பீற்றர் ஸ்காகன் என்பார் ஒல்லாந்து அரசாங்க மன்றத்துக்கு எழுதிய கடிதம். அங்கிருந்து வந்த கப்பலிலே நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்கின் தோல் 7,246 இருந்தது என்று அக்கடிதம் ஒன்று விடாது எண்ணிச் சொல்கின்றது. தீவை விற்றவர் யார் என்பதற்குக் காட்டுமாந்தர் எனப் பொருள்படும் ஒரு சொல்லே உண்டு. ஒருவர் பெயரும் இல்லை. லெனாப்பே என்னும் அம்மக்களுக்கு நிலத்தை என்றென்றைக்குமாய் விற்பது என்னும் எண்ணமே நம் நொத்தாரிசு உறுதியிற் காண்பது போன்று இருந்ததன்று. தோலுக்கு எண் உண்டு, ஆளுக்குப் பெயரில்லை. எம் கரும்பலகையும் அக்கடிதமும் ஒரே கையெழுத்து என்று கண்டோம்.

கொம்பனியார் ஆபிரிக்க அடிமைகளைத் தொடக்க காலத்திலேயே அந்நகருக்குக் கொணர்ந்தனர். காடு வெட்டியவரும் கோட்டைக்கு மண் சுமந்தவரும் அவர்களே. 1644 இற் பதினொருவர் தமக்கு விடுதலை வேண்டி விண்ணப்பித்தனர். பாவுலோ அங்கோலா, சைமன் கொங்கோ என்றவாறு அவர்தம் பெயர்கள் பதிவேட்டில் உள. விடுதலை கிடைத்தது, ஆனால் அரை விடுதலை. ஆண்டுதோறும் தானியமும் ஒரு பன்றியும் கொம்பனிக்கு இறுக்க வேண்டும். அவர்தம் பிள்ளைகள், பிறந்தோரும் இனிப் பிறப்போரும், கொம்பனிக்கு அடிமைகளே. தந்தைக்கு விடுதலையும் மகனுக்கு அடிமையும் ஒரே தாளில் எழுதப்பட்டன. இதனைச் சொன்ன நாள் வகுப்பிலே அம்மாணவன் எழுதுகோலை வைத்துவிட்டு நெடுநேரம் யன்னலைப் பார்த்திருந்தான்.

எம் இல்லத்துக்கு அணித்தாகவுள்ள கறுவாத்தோட்டத்தையும் அவ்வாறே புதிதாய்க் கற்றோம். தேசாதிபதி பால்க் காலத்தில், 1770 ஆம் ஆண்டை ஒட்டி, மருதானைப் பக்கத்திற் கறுவாவைப் பயிரிடத் தொடங்குமுன்னர்க் காட்டிலே தேடிப் பட்டை உரித்தனர். உரிப்பது ஒரு குலத்தாரின் கட்டாய ஊழியம். குறித்த நிறைக்குக் குறைந்தால் தண்டனை. ஐரோப்பாவில் அதன் விலையை எம் பழைய குறிப்பு விரிவாய்க் கூறும். உரித்த கையைக் கூறாது. அதனையும் சேர்த்தோம்.

இப்படியாகச் சில ஆண்டுகள் சென்றன. 1983 ஜூலை 24 ஆம் நாள், யாழ்ப்பாணத்திற் கொல்லப்பட்ட படையினர் பதின்மூவரின் உடலை அடக்கம் செய்தற்காகக் கனத்தை மயானத்திற் பெருங்கூட்டம் கூடியது. அவ்விரவு பொரளையிலே தொடங்கிய தீ கொழும்பெங்கும் தமிழர் இல்லங்களைத் தின்றது. எம் இல்லமும் அதில் ஒன்று. அயலிற் சிங்களக் குடும்பம் ஒன்று எம்மை மறைத்து வைத்தமையால் உயிர் தப்பினோம். நூல்களும் மாணவர் படங்களும் முப்பட்டைத் தகரப் பெட்டியும் போயின. மஞ்சட் பட்டும் ஓலையும் அப்பெட்டியினுள் இருந்தன. அகதி முகாமிற் படுத்திருந்த இரவுகளில் வீட்டை நினைத்தோம்; ஓலையை நினைத்ததைச் சொல்ல வெட்கமாயிருந்தது. அப்பெண்ணின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் ஏந்தி நின்ற ஒரே பொருள் அது. எம் முன்னோர் ஒருமுறை அவர்களை எழுதிக் கொடுத்தனர். இப்பொழுது அவ்வெழுத்தும் எரிந்தது.

கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சில ஆண்டுகளின் பின் திரும்பி, வெள்ளவத்தையில் வாடகைக்கிருந்து, ஈற்றிற் பொரளைக்கே மீண்டோம். அங்கிருந்த நாளில் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவன் பின்வாங்கு மாணவன். தான் நலமே இருப்பதையும், வேலையையும், பிள்ளைகளையும் எழுதியிருந்தான். எம் வீடு எரிந்ததை நண்பர் வாயிலாய் அறிந்தானாம். கடிதத்தோடு அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கத்தின் பிரதி இருந்தது. கரும்பலகையில் யாம் எழுதியதை அத்திங்கட்கிழமை அவன் ஒரு வரி விடாது எழுதியிருந்தான். வயலும் பனங்காணியும் கிணற்றுப் பங்கும் பொன்னும் வெண்கலமும், அதன் கீழே மூன்று பெயர்களும். அப்பெயர்களின் கீழ் மட்டும் அடிக்கோடு இட்டிருந்தான்.

‘சேரிடம் இப்போது ஓலை இருக்காது என்று நினைத்தேன், ஆகையால் அனுப்புகிறேன்’ என்பதற்கு மேல் அதைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை. அப்பிரதி இன்று எம் மேசை லாச்சியில் இருக்கின்றது.

பின்னாளில் நிகழ்ந்தவை சில. புறக்கோட்டைப் பிறின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் காலத்து மாளிகை ஒன்று 1982 முதல் அரும்பொருட் காட்சியகமாய் விளங்குகின்றது. றீட் மாவத்தைத் தேசிய சுவடிகள் கூடத்தில் கொம்பனியின் ஏடுகளும் காணித் தோம்புகளும் பள்ளித் தோம்புகளும் உள. யுனெஸ்கோ நிறுவனம் பல நாடுகளில் உள்ள கொம்பனிச் சுவடிகளை 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. நியூயோர்க்கில் 1991 இல் அரச கட்டடம் ஒன்றிற்கு நிலம் அகழ்ந்தபோது ஆபிரிக்கரின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. நானூற்றுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே கிடைத்தன. பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்தவர் அவர்கள். அந்நகரத்தார் கட்டடத் திட்டத்தை மாற்றி, அவர்களை மீண்டும் அவ்விடத்திலேயே அடக்கம் செய்து நினைவிடம் அமைத்தனர். சில ஆண்டுகளின் முன் நம் அரசு அடிமைத் தீவு என்னும் ஆங்கிலப் பெயரை விடுத்து, மும்மொழியிலும் கொம்பனித்தெரு என்றே எழுதப் பணித்தது. இழிபெயர் நீங்கியது நன்று என்பாரோடு எமக்கு மாறில்லை. ஆயினும் கொம்பனியின் பெயர் நிற்க, அடிமையின் பெயர் மறைந்தது என்னும் எண்ணம் எழாமல் இல்லை. அப்பெயர்ப்பலகையின் கீழே யார் அங்கே இருந்தனர் என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். தமிழிலும் எழுதி வைத்தல் வேண்டும்; இருந்தோரிற் பலருக்கு அதுவே தாய்மொழி.

ஆசிரியத் தொழிலிற் புகுந்திருக்கும் இளையோர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. பிறர் நமக்கிழைத்த தீங்கைக் கற்பிப்பது எளிது. வகுப்பு உடனே எம் பக்கம் சேர்ந்துவிடும். நாம் பிறர்க்கிழைத்ததை அதே கரும்பலகையில், அதே கையெழுத்திற் கற்பித்தல் கடினம். முன்னதை மட்டும் கற்பிப்பவனுக்கு 1983 ஆம் ஆண்டைப் பற்றி முறையிடும் உரிமையும் பாதியாகக் குறையும் என்று எமக்குத் தோன்றுகின்றது. மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்வோம். ஆசிரியர் ‘முதலியன’ என்று எழுதினால் எழுந்து நின்று கேளுங்கள். நேரம் போதாது என்று அவர் சொல்வாராயின், திங்கட்கிழமை வரை பொறுத்திருங்கள்.

யாம் பாடம் நடத்திய வகுப்பிலே எமக்குப் பாடம் கிடைக்கச் செய்த கல்லூரி அன்னை, ஜூபிலிகள் பல கண்டு நீடு வாழ்க.